வாய்விட்டுக் கேட்டவள்

பசிக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை வாய்விட்டுச் சொல்லி நான் முதன்முதலில் கேட்டது என் புகுந்த வீட்டில், என் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளிடமிருந்துதான். இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சீவலப்பேரியில் ஆற்றுக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு. பிசான அறுப்புச் சமயம். களத்திலிருந்து ஆண்கள் திரும்பும்போது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. கூடவே உறவுக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோரும் கால் கழுவி, திருநீறு பூசி, முன்கூடமான பட்டாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். மாமியார் அடுக்களையில் இருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வயிற்றிலும் காலையிலிருந்து ஒன்றுமில்லை. ஆண்கள் எழுந்து, வேலையாட்களுக்குப் போட்டு, அதற்குப் பிறகு பானையில் இருப்பதுதான் எங்களுக்கு. யாரும் எங்களுக்கு அப்படிச் சட்டம் போட்டதாக நினைவில்லை. மழை மேலிருந்து கீழே விழுவது மாதிரி அதுவும் ஒரு நடப்பு.

அவள் கல்யாணமாகி வந்து சில நாள்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பட்டாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, எனக்குப் பசிக்கி."

என் கையில் இருந்த அகப்பை பாதியில் நின்றது. என் மாமனார் கனைத்தால் தொழுவத்தில் மாடு அசைபோடுவதை நிறுத்தும் என்பார்கள். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு பக்கம் இருந்தது. அவரோ, திசை தெரியாத ஊரில் வந்து இறங்கியவர் மாதிரி விழித்தார்.

"பிள்ளைக்குச் சோறு போடுங்க. பசிக்கிங்குதால்லா" என்று சொல்லிவிட்டு இலையில் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். அம்மிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். புளிக்குழம்பை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். விரலை நக்கினாள். "அக்கா, நல்லா வச்சிருக்கீக" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு காந்தியது.

காரணம் இருக்கிறது. நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில், பசி தாங்காமல் ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். மாமியார் அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள். "என் மூத்த மருமவ வாயைத் தொறக்க மாட்டா. விழுந்தாக்கூடச் சத்தம் வராது." பொறுமைசாலி என்று பேர் வந்தது. அந்தப் பேருக்காக அதற்குப் பிறகு எத்தனையோ மத்தியானம் பட்டினி கிடந்திருக்கிறேன். இப்போது ஒருத்தி வந்து மூன்றே சொல்லில் சோறு வாங்கிக்கொண்டாள். சொன்னால் கிடைத்திருக்கும் என்றால் நான் கிடந்த பட்டினிக்கு என்ன அர்த்தம்?

ஆள் பார்வைக்கு அப்படியொன்றும் இல்லை. மாநிறம், அகன்ற நெற்றி, கொஞ்சம் எடுப்பான பல். தும்மினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். தண்ணீர்ப் பானையை இறக்கும்போது, அவளால் தனியாக முடியும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் "யாராச்சும் ஒரு கை பிடிங்க" என்று கூப்பிடுவாள். கூப்பிட்டால் யாராவது வந்தார்கள். நெல் குத்த வருகிறவள் வந்தாள். தொழுவத்து ஆள் வந்தான். ஒருநாள் என் மாமனாரே வந்து பிடித்தார். நான் மட்டும் என் பானையை நானே இறக்கிக்கொண்டேன். அந்த இடுப்புவலி இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

வீட்டுக்குத் தூரமான நாட்களில் நாங்கள் தொழுவத்தை ஒட்டின சாய்ப்பில் இருப்போம். அதன் ஓலை பல வருஷமாக ஒழுகியது. மழைநாளில் ஒரு மூலையில் குந்தியபடியே விடியவைப்பேன். ஐப்பசியில் ஒருநாள் அவள் முறை வந்தது. காலையில் சாய்ப்பு வாசலில் நின்று, மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த என் புருஷனிடம் சத்தமாகச் சொன்னாள்.

"அத்தான், இங்கன ஒழுகுது. படுக்க முடியல. ஓலை மாத்திக் குடுங்க."

சாயங்காலத்துக்குள் புது ஓலை வேய்ந்தாகிவிட்டது. என் புருஷனே ஏணி போட்டு ஏறி நின்று வேய்ந்தார். அடுத்த வாரம் நான் அந்தச் சாய்ப்பில் காய்ந்த தரையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வீட்டுக்குள் வந்தபிறகு, மனசு பொறுக்காமல் அவரிடம் கேட்டேன். "இத்தனை வருசமா நான் நனைஞ்சேனே, அப்போ ஓலை கிடைக்கலையா?"

அவர் நிஜமாகவே திகைத்தார். "நீ சொல்லலையே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. சொல்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் ஆத்திரம் அவர்மேல் போகவில்லை. அவள்மேல்தான் போனது. அவள் வராமல் இருந்திருந்தால் அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஒருதரம் அவளிடம் நேராகவே சொன்னேன். "பொம்பளைக்குப் பொறுமைதான் நகை. நீ எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு வாங்குத. ஊருல என்ன பேசுதாகன்னு தெரியுமா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கேட்டா கெடைக்கும்னு நான் கேக்கலக்கா. எத்தனையோ கேட்டேன், கெடைக்கல. எங்க அம்மை கேக்காமலே இருந்தா. கடைசியில படுத்துக் கெடக்கையில 'ஒனக்கு என்னம்மா வேணும்'னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. ஒண்ணும் சொல்லத் தெரியல. எனக்கு அதுதான் பயம்."

நான் கீரைத் தண்டு ஒன்றை எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்த மறுவருஷம் எனக்குப் பிள்ளை பிறந்து, பிறந்தபடியே இறந்துபோனது. எனக்கு வேறு பிள்ளை இல்லை, பிறகும் இல்லை. மூன்றாம் நாளே எழுந்து நெல் அவித்தேன். "பாரு, எப்படித் தாங்குதா" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அவள் என்னை உள்ளறையான அரங்குக்குள் கூப்பிட்டாள். "அக்கா, நான் கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கேன். யாரையும் விட மாட்டேன். நீங்க அழுங்க" என்றாள். கதவையும் சாத்தினாள். அந்த இருட்டுக்குள் நெல் மூட்டைக்கு நடுவில் நான் நின்றேன். அழுகை வரவில்லை. அழத் தெரிந்தவள் வெளியே காவல் நிற்கிறாள், தெரியாதவள் உள்ளே நிற்கிறேன் என்றுதான் தோன்றியது. கதவைத் திறந்து, "அடுப்புல பானை பொங்குது, வழியை விடு" என்றேன். அவள் கண் சிவந்திருந்தது. என் பிள்ளைக்கு அவள் அழுதிருக்கிறாள். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தனாருக்கு அவள்மேல் உயிர். எழுத்துச் சொல்லித் தரச் சொல்லி அவரிடம் கேட்டாளாம். மத்தியானத்தில் அவர்கள் இருந்த அறைக்குள்ளிருந்து மெய்யெழுத்துச் சத்தம் கேட்கும், நடுவில் சிரிப்பும். மாமியார் காதில் விழாத மாதிரி இருந்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

அந்தக் கொழுந்தனார் வாந்திபேதியில் போனார். ஆற்றில் தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்த கோடை. விடியக் கண்டது, மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டது. அவளுக்கு அப்போது கைக்குழந்தை, பெண். இடுப்பில் அதை வைத்துக்கொண்டு, தலைவிரி கோலமாகப் புரண்டு அழுதாள். அவள் அழுததைக் கேட்டு, பிணத்தைத் தூக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

காரியம் முடிந்து ஆண்கள் ஆற்றிலிருந்து வந்துவிட்டார்கள். பட்டாசல் முழுக்கப் பெண்கள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. குழந்தை முலையைக் கடித்துக் கடித்துக் கத்தியது. பால் இல்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அத்தை, எனக்குப் பசிக்கி."

ஒப்பாரி நின்றுபோயிற்று. "புருசனைக் கொண்டுபோயி இன்னும் ஈரம் காயல, இவளுக்குச் சோறு கேக்கோ?" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் என் மாமியாரைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தூணில் சாய்ந்திருந்தவள் அவள். பைய எழுந்தாள். வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஒரு கும்பா நிறையப் பழையதும், மேலே ஊறுகாய் மாங்காயுமாகக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள். பிறகு தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் பசிக்கி ஏளா" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே கும்பாவில் கையை விட்டுச் சாப்பிட்டார்கள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார்கள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். நான் அரங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் நேற்றிலிருந்து வயிறு காய்ந்துதான் கிடந்தது. அந்தக் கும்பாவில் மூன்றாவது கைக்கு இடம் இருந்தது. நான் போகவில்லை. தாலி அறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சுமங்கலி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு அவளை அரங்கில் மூலையில் உட்கார்த்தினார்கள். வருஷம் திரும்பும்வரை வெளிச்சம் பார்க்கக் கூடாது, முன்வாசல் பக்கம் வரக் கூடாது. அவள் உள்ளிருந்து மாமனாரிடம் கேட்டாள். "மாமா, இதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. நான் வெளிய வரணும்."

எல்லாவற்றையும் கொடுத்த மனிதர் இதைக் கொடுக்கவில்லை. "அது வழக்கம் தாயீ. ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

"ஊருக்கு மூச்சு முட்டலையே மாமா."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. எனக்கு அப்போது ஒருவித நிம்மதி இருந்தது. கேட்டாலும் கிடைக்காதது உண்டு, அவளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு மூடியிருக்கிறது என்கிற நிம்மதி. அது நீடிக்கவில்லை.

ஆவணியில், வெயில் ஏறின ஒரு காலைப்பொழுது. ஆண்கள் எல்லோரும் பட்டாசலில் இருந்தார்கள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு துணிமூட்டையோடு, அரங்கிலிருந்து நேராக நடந்து வந்தாள். புறவாசல் வழியாகப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் முன்வாசலுக்கே வந்தாள்.

"கேட்டுப் பாத்தேன் மாமா. நீங்க தரல. ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. பாளையங்கோட்டையில வெள்ளைக்கார அம்மாமாரு பொம்பளைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தாராகளாம். அவுககிட்டக் கேட்டுப் பாக்கப் போறேன்" என்றாள்.

யாரும் நகரவில்லை. ஒருத்தராவது எழுந்து மறித்திருக்கலாம். இப்படிப் பட்டப்பகலில் சொல்லிக்கொண்டு போகிறவளை எப்படி மறிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வாரீகளா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. மொத்த வீடும் என்னைப் பார்த்தது. "போளா பைத்தியக்காரி" என்றேன். அவள் படியிறங்கினாள். கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு போன வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, கொஞ்சம் இடம் குடுங்க" என்று கேட்டு ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கே மாமனார் எங்களை எல்லாம் சிற்றாறு பொருநையோடு கலக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுகச் சொன்னார். செத்தவளாக நினைத்துக்கொள்ள வேண்டும். மாமியார் மூன்று முழுக்குப் போட்டாள். ஈரச்சேலையோடு வரும் வழியில், வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பேத்தி பேரைச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் பற்றி அப்படி அழ யாராவது இருப்பார்களா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பாளையங்கோட்டையில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வியாபாரத்துக்குப் போய்வருகிறவர்கள் சொல்லித் தெரிந்தது. விடுதியில் சோறாக்கிக்கொண்டே படிக்கிறாளாம். பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாத்திச்சி ஆகிவிட்டாளாம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னார், இல்லை, திருநீறு பூசிக்கொண்டுதான் திரிகிறாள் என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. பேச்சில்லாத இடமெல்லாம் அவள்தான் இருந்தாள். பிறகு மாமனாரும் காலமானார்.

சீமையில் பெரிய சண்டை நடந்த வருஷங்களில், மண்ணெண்ணெய்க்கு ஊரே அல்லாடிக்கொண்டிருந்தபோது, மாமியாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் கோணிப்போனது. மாதக்கணக்கில் நான்தான் எல்லாம். கழுவினேன், துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். அவள் எதையும் கேட்டதில்லை. கேட்கும் முன்னால் நான் செய்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது கோணின வாயால் என்னவோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"சின்னவ" என்றாள். "சின்னவளைப் பாக்கணும்."

கரண்டியை வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய் நின்றேன். என் கை முழுக்கக் கஞ்சி. இவ்வளவு செய்தவள் நான். கேட்டது விட்டுப்போனவளை. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள்ளேயே என் புருஷனிடம் போய், "அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"தலைமுழுகினவளையா?"

"அத்தை கேக்காக. எனக்கும் ஒரு ஆளு வேணும். என்னால ஒத்தையில முடியல."

இரண்டாவது வாக்கியம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் வண்டியைப் பூட்டச் சொன்னார்.

வந்தாள். ரவிக்கை போட்டு, கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். கூட ஆறேழு வயதுப் பெண். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தடவி, "அத்தை, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நான் அத்தனை மாதம் கேட்காத கேள்வி அது.

மாமியார் உடனே சொன்னாள். "ஆத்துல கால நனைக்கணும்."

அவள் தெருவுக்கு இறங்கிப் போனாள். மரத்தடியில் இருந்த வயல்வேலைக்காரர்களைப் பார்த்து, "அண்ணாச்சி, கட்டிலைத் தூக்க ஒரு கை பிடிங்க" என்றாள். கட்டிலோடு மாமியாரைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெரு வழியாகப் போனோம். வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன். மாமியார் மட்டும் மல்லாந்து படுத்து, மேலே மருதமரக் கிளைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

படித்துறையில் இறக்கி, காலைத் தண்ணீரில் விட்டார்கள். பேத்தி தண்ணீரை அள்ளி அள்ளி அந்தக் காலில் ஊற்றினாள். கோணின வாயோடு மாமியார் சிரித்தாள். "உசுரோட இருக்கையிலேயே தூக்கிட்டீகளே லே" என்று தூக்கி வந்தவர்களிடம் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். எத்தனை வேளை கஞ்சி ஊட்டியிருப்பேன், அந்த வாய் எனக்காக ஒருதரம் சிரித்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள். "பொறக்கையில யாரோ ஏந்திப் பிடிக்காக. போகையில நாலு பேரு தூக்குதாக. நடுவுல மட்டும் எனக்கு ஒருத்தரும் வேண்டாம்னு என்னத்துக்குக்கா நிக்கணும்?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒன்னைப் பாத்தா எனக்கு எப்பவும் வயித்தெரிச்சல்" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "எதைப் பாத்துக்கா?"

"எல்லாத்தையும். நீ சோறு தின்னதை. நீ அழுததை. நீ போனதை. இன்னைக்கு வந்ததையும்."

"எனக்கும் ஒங்க மேல உண்டு" என்றாள். "இந்த ஆறு ஒங்ககிட்ட இருந்திச்சு. அத்தை இருந்தாக. அத்தான் இருக்காக. நான் அங்கன ஒத்தையில கெடந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ எல்லாம் ஒங்களைத்தான் மனசு தேடிச்சு. அக்கா இருந்தா வாயைத் தொறக்காம எல்லாம் செஞ்சிருப்பாகன்னு."

என்னை ஒருத்திக்குத் தேடியிருக்கிறது. என் வேலையை எல்லோருக்கும் தேடும், அது எனக்குத் தெரியும். என்னைத் தேடியது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். என்ன சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று அதற்கும் எரிந்தது. ஆனால் அந்தப் படியிலேயே, அத்தனை பேர் பார்க்க, என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் துடைக்கவில்லை.

சில நாள் இருந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அவள் கிளம்பினாள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி, "அடுத்த லீவுக்கு வரட்டாக்கா?" என்றாள்.

எதற்கு வீண் அலைச்சல், வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சீக்கிரமா வாளா" என்று வந்தது.